ஜூலியஸ் சீசரை நடுவிலிருந்து நடத்துங்கள்

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை நடத்தப் போனால், முதல் நாள் கரும்பலகையில் ‘ஷேக்ஸ்பியர், 1564–1616’ என்று எழுதிவிட்டு, அவர் ஊர், மனைவி, அவர் நாடகங்கள் நடந்த குளோப் தியேட்டர் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். நானும் பத்து வருடம் அப்படித்தான் செய்தேன். தூத்துக்குடி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 31 வருடம் ஆங்கில வாத்தியார் வேலை. பி.ஏ. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். குளோப் தியேட்டரைத் தாண்டுவதற்குள் கடைசி பெஞ்ச் தூங்கிவிடும். முதல் அங்கம் முடிவதற்குள் முதல் பெஞ்சும்.

அப்புறம்தான் மாற்றினேன். நேராக மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சிக்குப் போய்விடுங்கள். முன்கதைக்கு ஐந்து நிமிடம் போதும். ரோமில் ராஜா கிடையாது, சீசர் ராஜாவாகிவிடுவாரோ என்ற பயம், கி.மு. 44 மார்ச் 15 அன்று குத்திக் கொன்றுவிட்டார்கள், குத்தியவர்களில் அவருடைய நண்பன் புரூட்டஸும் ஒருவன். இப்போது ஊர் கூடி நிற்கிறது, ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறது. அந்த ஊர் உங்கள் வகுப்புதான். யாருக்கும் வேஷம் கொடுக்க வேண்டாம். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் ரோமாபுரி ஜனங்கள்.

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். புரூட்டஸ் பேச்சை நீங்களே படியுங்கள், நிதானமாக, நியாயமாக. அது உரைநடை, காரணம் சொல்லும் பேச்சு. ‘சீசர்மேல் எனக்கு அன்பு குறைவில்லை, ரோம்மேல் அன்பு அதிகம்’ என்கிறான். படித்து முடித்ததும் புரூட்டஸ் செய்தது சரியா, தப்பா என்று எழுதி, பெயரும் போட்டுத் தரச் சொல்லுங்கள். என் வகுப்புகளில் பெரும்பாலும் ‘சரி’தான் ஜெயித்தது. சீட்டுகளை ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், பின்னால் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வரியை யாரும் கவனிக்க மாட்டார்கள். கூட்டத்தில் ஒருவன் புரூட்டஸைப் பார்த்து, ‘இவரையே சீசர் ஆக்குவோம்’ என்று கத்துகிறான். ஒருத்தன் ராஜாவாகக் கூடாது என்றுதானே இவ்வளவும்? அதை நீங்கள் விளக்கிவிடாதீர்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். யாராவது ஒருவர் சிரிப்பார். அவரைக் கேளுங்கள், ஏன் சிரித்தாய் என்று.

அடுத்த வகுப்பு முழுக்க, புரூட்டஸுக்குப் பிறகு பேசவரும் சீசரின் நண்பன் ஆண்டனிக்கு. இவன் பேசுவது செய்யுள், ஆகையால் சத்தமாகத்தான் படிக்க வேண்டும். புரூட்டஸைப் பற்றி இவன் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘ஹானரபிள்’ என்ற சொல்லை எப்படித் தமிழில் சொல்வது என்று ரொம்ப நாள் முழித்திருக்கிறேன். கண்ணியமானவர், நேர்மையானவர், எதுவும் ஒட்டவில்லை. ஒருநாள் வாயில் தானாக வந்தது, ‘மாண்புமிகு புரூட்டஸ்’. முதல் தடவை யாரும் சிரிக்கவில்லை, மரியாதைதானே. மூன்றாவது தடவை வகுப்பில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். ஆண்டனி செய்த வேலையும் அதுதான். சொல் அதேதான், திரும்பத் திரும்பச் சொல்லும்போது அர்த்தம் கவிழ்கிறது. கடைசியில் கூட்டத்திலிருந்தே ஒருவன், ‘துரோகிகள்! மாண்புமிகுவாம்!’ என்கிறான். ஆண்டனி தன் வாயால் ‘துரோகி’ என்று சொல்லி ஆரம்பிக்கவில்லை, அவர்கள் வாயிலிருந்து வரவைக்கிறான். அந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். தேர்வில் இந்தப் பேச்சு வந்தால் பிள்ளைகளுக்கு நோட்ஸ் தேவைப்படாது.

சீசரின் மேலங்கிக்கு ஒரு பழைய வேட்டி கொண்டுபோங்கள். வீட்டிலேயே கத்தரியால் நாலைந்து ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். (சிவப்பு மை வேண்டாம். நான் ஊற்றி, மேஜையெல்லாம் கறையாகி, அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ‘இதோ இங்கே காசியஸின் கத்தி புகுந்தது’ என்று ஆண்டனி ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டும்போது நீங்களும் விரலை விட்டுக் காட்டுங்கள். வகுப்பே கழுத்தை நீட்டும். காட்டி முடித்ததும் முந்தின காட்சிக்குப் புத்தகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். கொலை நடக்கும்போது ஆண்டனி எங்கே இருந்தான்? சதிகாரர்களில் ஒருவனான டிரெபோனியஸ் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டான். அப்படியானால் எந்த ஓட்டை யாருடையது என்று இவனுக்கு எப்படித் தெரியும்? நாடகத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு வருடம் ஒரு பையன் நான் கேட்பதற்கு முன்பே கேட்டுவிட்டான். அன்றைக்கு மீதி வகுப்பை அவனிடமே விட்டுவிட்டேன்.

ஆண்டனி சீசரின் உயிலைப் படித்த கையோடு, ஜனங்களுக்கு ஆளுக்கு 75 டிராக்மா காசு என்ற அறிவிப்போடு, மறுபடியும் சீட்டு எழுத வையுங்கள். எண்ணிக்கை தலைகீழாகியிருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் சின்னா காட்சி. கொலைகாரர்களில் ஒருவனான சின்னாவோடு பெயர் ஒன்றாக இருந்த பாவத்துக்காக ஒரு கவிஞனைப் பிடித்துக்கொள்கிறது கூட்டம். நான் அவன் இல்லை, கவிஞன் சின்னா என்று கெஞ்சுகிறான். அப்படியானால் மட்டமான கவிதை எழுதியதற்காகக் கிழியுங்கள் என்கிறார்கள். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சீட்டில் ஆண்டனி பக்கம் போனவர்கள்தான் இந்தக் கூட்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு மணி அடிக்கும்வரை காத்திருங்கள். மறுநாள் நாலாம் அங்கத்தின் முதல் காட்சி, ஒரே பக்கம்தான். அதே ஆண்டனி அதே உயிலை எடுத்துவரச் சொல்கிறான், செலவை எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்கு!

இதற்குப் பிறகு முதல் அங்கத்துக்குப் போனால் பிள்ளைகள் தாங்களாகவே வருவார்கள். செருப்புத் தைப்பவனின் சிலேடைக்கு நேரம் ஒதுக்குங்கள். ‘சோல்’ என்றால் உள்ளங்காலா ஆத்மாவா என்பது காதால் கேட்டால்தான் விளங்கும். புரூட்டஸ் வீட்டில் கடிகாரம் மணி அடிப்பதைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு பேனா பரிசு, ரோமில் அடிக்கிற கடிகாரம் ஏது? இரண்டாம் அங்கத்தில் ‘கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள்’ என்று சீசர் சொல்லும் இடத்தில் தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையைப் பற்றிச் சொல்லுங்கள். சோனி வெங்கட்ரத்னம் என்ற கைதி, தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி மறைத்து ஒரு ஷேக்ஸ்பியர் தொகுப்பை வைத்திருந்தார். அது கைமாறி வந்தபோது, 1977 டிசம்பர் 16 அன்று, இந்த வரிகளுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் மண்டேலா.

‘தௌ’வும் ‘யூ’வும் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை. நீ, நீங்கள் என்று சொன்னால் முடிந்தது. புரூட்டஸ் வேலைக்காரப் பையன் லூசியஸைப் பெரும்பாலும் ‘தௌ’ என்கிறான், மனைவி போர்ஷியாவைப் பெரும்பாலும் ‘யூ’ என்கிறான். ஏன் என்று கேட்டுப் பாருங்கள், பெண்கள் பக்கமிருந்து நல்ல பதில்கள் வரும். ‘எத் தூ, புரூத்தே?’ என்ற சீசரின் கடைசி லத்தீன் வாக்கியத்திலும் இருப்பது ஒருமைதான். ‘நீயுமா?’ என்ற தமிழ் அதற்கு ரொம்பப் பக்கம்.

ஐந்தாம் அங்கத்துச் சண்டைக்கு ஒரு வகுப்புக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

கடைசி நாள் அந்தக் கவரைப் பிரித்து, முதல் சீட்டை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். ஒரு வருடம் ஒரு பெண் ‘புரூட்டஸ் செய்தது சரி’ என்று எழுதியிருந்த தன் சீட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என் கையெழுத்தே இல்ல சார்” என்றாள்.