ஆட்ட விக்கியில் எழுத வர்றவங்களுக்கு: முதல்ல ஊரும் பதிப்பும், அப்புறம் திருத்தம்

கணக்குத் திறப்பது, 'தொகு' பொத்தானை அழுத்துவது, எழுத்தைத் தடிமனாக்குவது எல்லாம் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. கைபேசி ஆட்டங்களும் திண்ணை ஆட்டங்களும் ஒரே இடத்தில் இருக்கும் தமிழ் விக்கியில் (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளத்தில்) கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்து எழுதும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்காமல், மனசு கோணாமல் எழுதுவது எப்படி என்பதுதான் விஷயம். விக்கியை இயக்கும் மென்பொருள், விக்கிப்பீடியாவும் பயன்படுத்தும் மீடியாவிக்கி என்று வைத்துக்கொள்ளுங்க.

படி 1: பயனர் பக்கத்தில் மூணு வரி

உங்களைப் பற்றிச் சொல்லும் பயனர் பக்கம் காலியாக இருந்தால் உங்கள் பெயர் எல்லா இடத்திலும் சிவப்பாகத் தெரியும். சிவப்புப் பெயர்க்காரர் ஒரு வரியை அழித்தால் விஷமம் செய்ய வந்த ஆளோ என்றுதான் மற்றவர்களுக்கு முதலில் தோன்றும். எந்தப் பக்கத்து ஆள், எந்த ஆட்டம் நன்றாகத் தெரியும், கணினியில் ஆடுகிறீர்களா கைபேசியிலா என்று மூணு வரி எழுதிவிட்டால் போதும். கைபேசி எண், பள்ளிக்கூடத்தின் பெயர், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஊர்ப் பெயரைக்கூட வட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 2: தட்டச்சில் கவனிக்க வேண்டியவை

இது நடத்தை விதிக்குள் வருமா என்று கேட்கலாம். வரும். தேடினால் கிடைக்காத பக்கத்தை எழுதி வைப்பவர், அடுத்த ஆளை அதே பக்கத்தை மறுபடி எழுத வைக்கிறார்.

'கௌதாரி' என்று எழுதும்போது ௌ குறியைப் போடாமல் ஒற்றைக்கொம்பும் ள எழுத்தும் சேர்த்துப் போடுபவர்கள் நிறையப் பேர். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை ரெண்டும் வேறு வேறு சொல். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஔ எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று ரெண்டாகத் தட்டுவதிலும் இதே கதைதான். துணைக்காலுக்குப் பதில் ர தட்டிவிடுவது இன்னும் மோசம்: காடு கரடாகிவிடும். நம் பக்கம் ரெண்டும் இருக்கும் சொல் என்பதால் எழுத்துப் பிழை பார்க்கும் செயலியும் பிடிக்காது. பழைய தமிழ் எண்களும் அப்படித்தான். 2-க்கான ௨ குறி, உ எழுத்துப் போலவே இருக்கும். 7-க்கான ௭ குறி, எ எழுத்துப் போலவே இருக்கும்.

தமிழ்99 விசைப்பலகைதான் எங்கள் பரிந்துரை. ஆங்கில ஒலியை வைத்துத் தட்டும் முறையில் ந, ன, ண குழப்பம் தீராது. குரல்வழித் தட்டச்சு பேச்சுப் பக்கத்துக்கு (கட்டுரையைப் பற்றிக் கலந்து பேசும் பக்கம்) சரி, கட்டுரைக்கு வேண்டாம்.

அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் விக்கியில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, வரி வரியாகப் படித்துப் பார்த்து, அதன் பிறகு ஒட்டுங்க.

தலைப்பு நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மீடியாவிக்கியில் ஒரு தலைப்பு 255 பைட்டுக்குள் (பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் அளவு) அடங்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'கொங்கு' என்பது கண்ணுக்கு மூணு எழுத்து. உள்ளே க, ொ, ங, புள்ளி, க, உகரக்குறி என்று 6 குறி, ஆக 18 பைட். இடைவெளிக்கு 1 பைட்தான். குத்துமதிப்பாக 80 குறிக்குள் தலைப்பை முடித்துக்கொள்ளுங்க.

படி 3: ஊரும் பதிப்பும்

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது.

தோண்டிக் கட்டும் ஆட்டமான மைன்கிராஃப்ட்டில் வைரம் எந்த ஆழத்தில் கிடைக்கும்? ஒருவர் 'ஒய் 11' (ஒய் என்பது ஆட்டத்தில் உயரத்தைக் காட்டும் எண்) என்று எழுதியிருப்பார். அடுத்தவர் வந்து தப்பு என்று அழித்து 'ஒய் -59' என்று போடுவார். ரெண்டு பேரும் ஆடித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறார்கள். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில் உலகத்தின் அடித்தளம் 0-இலிருந்து -64-க்கு இறங்கிவிட்டது. அதற்கு முன்னால் எரிகுழம்பு மட்டத்துக்குச் சற்று மேலே 11-இல் தோண்டுவது வழக்கம். இப்போது அடிப்பாறைக்குச் சற்று மேலே -59-இல் தோண்டுகிறார்கள். 'பதிப்பு 1.17 வரை', 'பதிப்பு 1.18 முதல்' என்று ரெண்டு வரி எழுதினால் யாரும் யாரையும் அழிக்கத் தேவையில்லை. கணினிக்கான ஜாவா பதிப்பா, கைபேசியிலும் ஓடும் பெட்ராக் பதிப்பா என்பதும் இதே மாதிரிதான். ஜாவாவில் ஒரு வாள்வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருந்தால்தான் அடி முழு வேகத்தில் விழும், பெட்ராக்கில் அந்தக் காத்திருப்பே கிடையாது. கைபேசியில் ஆடும் பையன் கணினியில் ஆடுபவர் எழுதிய குறிப்பைப் பொய் என்று நினைப்பது இதனால்தான்.

மைன்கிராஃப்ட்டுக்குப் பதிப்பு எப்படியோ, பல்லாங்குழிக்கு ஊர் அப்படி. குழி 14 என்பதில் தகராறு இல்லை. குழிக்கு 5 காயா 6 காயா? ஒரு குழியில் எத்தனை காய் சேர்ந்தால் பசு (தனியாக எடுத்துக்கொள்ளும் காய்க்கூட்டம்)? பசுவை யார் எடுப்பது? காலியான குழிக்கு அடுத்த குழியை மட்டும் அள்ளுவதா, அதற்கு எதிர்க்குழியையும் சேர்த்தா? ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஊர், சில இடத்தில் வீட்டுக்கு வீடு வேறு பதில் வரும்.

பக்கத்தில் 'குழிக்கு 5 காய்' என்று இருக்கிறது, நாலு பத்தி தள்ளி 'மொத்தம் 84 காய்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. 14 குழிக்கு 5 என்றால் 70. 84 வரவேண்டும் என்றால் குழிக்கு 6. யாரோ ஒருவர் தன் ஊர் வழக்கப்படி மேலே இருந்த 6-ஐ மட்டும் 5 ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். இந்தப் பக்கத்தைப் படித்து ஆட உட்காருகிற பிள்ளைக்கு எந்த ஊர் ஆட்டமும் கிடைக்காது. அதனால் எண்ணைத் தொடுமுன் பக்கத்தை அடிவரை படியுங்க. உங்கள் வழக்கு வேறு என்றால் இருப்பதைத் தொடாமல், கீழே தனி உட்தலைப்புப் போட்டு ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதுங்க.

உட்தலைப்பின் கீழே முதல் வரியில் நாலு விவரம் வேண்டும்: ஊர், வட்டம், சொன்னவரின் வயது (குத்துமதிப்பாக), கேட்ட ஆண்டு. 'புதுப்பாளையம்' என்று மட்டும் எழுதினால் எந்தப் புதுப்பாளையம் என்று யாருக்குத் தெரியும்? மாவட்டத்தை மட்டும் போடுவதும் போதாது. காங்கேயம் 1979 வரை கோவை மாவட்டம், அதன் பின் பெரியார் மாவட்டமாக இருந்து ஈரோடு எனப் பெயர் மாறியது, 2009 முதல் திருப்பூர் மாவட்டம். 'கோவை மாவட்ட வழக்கு' என்று ஒரு பழைய குறிப்பு சொன்னால் அது தாராபுரத்துப் பக்கமாகவும் இருக்கலாம். இடம்தான் இந்த விக்கியின் சொத்து. அதைச் சோம்பலில் விட்டுவிட்டால் பிறகு திரும்பப் பிடிக்க முடியாது. அமுச்சியும் அப்பாரும் (பாட்டியும் தாத்தாவும்) இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு.

பெயரிலும் இதே வழிதான். கிட்டிப்புள்ளா கில்லியா என்று தலைப்புக்காக மல்லுக்கட்ட வேண்டாம். பக்கம் எந்தப் பெயரில் முதலில் தொடங்கப்பட்டதோ அதிலேயே இருக்கட்டும். அடுத்த பெயரில் ஒரு பக்கம் திறந்து #வழிமாற்று [[கிட்டிப்புள்]] என்று ஒரு வரி போட்டால் தேடுபவர் தானாக அங்கே போய்ச் சேருவார். எல்லாப் பெயரும் கட்டுரையின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

படி 4: சுருக்கப் பெட்டி

சேமிப்பதற்கு முன் வரும் 'சுருக்கம்' பெட்டியைக் காலியாக விடாதீங்க. 500 குறிவரை இடம் இருக்கிறது. சேமித்த பிறகு அதைத் திருத்த முடியாது என்பதால் கோபத்தில் ஒன்றும் எழுதிவிட வேண்டாம்.

'தப்பு, திருத்திட்டேன்' என்பது பயனில்லாத சுருக்கம். 'வைரம்: ஒய் 11 என்பது 1.17 வரை, 1.18-க்குத் தனி வரி சேர்த்தேன்' என்பது நல்ல சுருக்கம். அடுத்த ஆள் பக்கத்தைத் திறக்காமலே என்ன நடந்தது என்று புரிந்துகொள்வார்.

'இது ஒரு சிறு தொகுப்பு' என்ற கட்டத்தை எழுத்துப் பிழைக்கு மட்டும் சொடுக்குங்க. 5-ஐ 6 ஆக்குவது ஒரே ஒரு எழுத்து மாற்றம்தான். ஆனால் ஆட்டமே மாறுகிறது. சிறு தொகுப்புகளை மறைத்துவைத்துப் பார்க்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

படி 5: மீளமைப்பது

விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூணு தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது (அடுத்தவரின் மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கக் கூடாது) என்று விதி உண்டு. பத்துப் பேர் எழுதும் சின்ன விக்கிக்கு மூணே அதிகம். ஒரு தடவை போதும். நீங்கள் மீளமைத்ததை அவர் திரும்ப மாற்றினால் கையை எடுத்துவிட்டுப் பேச்சுப் பக்கத்துக்குப் போங்க. அதுவரை பக்கம் யார் எழுதியபடி இருந்தாலும் பரவாயில்லை. பழையது பக்கத்தின் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது.

கெட்ட வார்த்தை, விளம்பரம், பக்கத்தையே காலி செய்தது: இவற்றை எத்தனை தடவை வேண்டுமானாலும் மீளமைக்கலாம்.

படி 6: பேச்சுப் பக்கத்தில்

கட்டுரையில் எல்லோருக்கும் பொதுவான எழுத்துத் தமிழ். பேச்சுப் பக்கத்தில் நம் பேச்சே இருக்கட்டும். வயசு தெரியாத ஆளிடம் 'நீ' வேண்டாம். எழுதியவர் 14 வயசுப் பையனாகவும் இருக்கலாம், ஓய்வுபெற்ற வாத்தியாராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் 'ங்க' போட்டுப் பேசினால் யாருக்கும் குறையில்லை. இப்படி எழுதலாம்:

"வணக்கமுங்க. நீங்க மாத்துன வரியைப் பார்த்தேனுங்க. எங்க பக்கம் நாலு காய் சேர்ந்தாத்தான் பசுங்க. உங்க பக்கம் ஆறுங்களா? எந்த ஊரு, யாருகிட்டக் கேட்டதுன்னு சொன்னீங்கன்னா ரெண்டையும் போட்டரலாமுங்க. ~~~~"

கடைசியில் உள்ள நாலு அலைக்கோடும் கையெழுத்து. சேமிக்கும்போது உங்கள் பெயராகவும் நேரமாகவும் மாறிவிடும். மூணு போட்டால் பெயர் மட்டும், அஞ்சு போட்டால் நேரம் மட்டும் வரும். பதில் எழுதும்போது வரித் தொடக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி (:) வைத்தால் வரி உள்ளே தள்ளிப் போகும். பதிலுக்குப் பதில் என்றால் ரெண்டு வையுங்க. அடுத்தவர் எழுதியதை, எழுத்துப் பிழையாக இருந்தாலும், திருத்த வேண்டாம்.

எந்த ஊர் என்று தாராளமாகக் கேளுங்க. என்ன கூட்டம், என்ன ஆளுக என்று கேட்கக் கூடாது. கட்டுரைக்குள்ளும் 'இது இன்ன சாதியாரின் ஆட்டம்' என்ற வரி வேண்டாம். ஆட்டத்துக்குத் தேவையான அடையாளம் இடம்தான். இந்த விதியை மீறுவதை மட்டும் முதல் தடவையே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் பாதிப் பேர் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

படி 7: எடுத்தாள்வதும் படமும்

விக்கிப்பீடியாவின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. எடுக்கலாம், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று சுருக்கப் பெட்டியில் சொல்ல வேண்டும். நம் பக்கத்தின் உரிமமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். யூடியூப் விளக்கத்தைக் கேட்டு வரிக்கு வரி எழுதுவது எடுத்தாள்கை ஆகாது. ஆடிப் பார்த்துவிட்டுச் சொந்த வரியில் எழுதுங்க.

ஆடுபுலி ஆட்டப் பலகையைத் தரையில் சுண்ணாம்பில் போட்டுப் படமெடுத்தால் கோணம் சாயும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோடாக வரைவதே மேல். எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. வரைந்ததும் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளை எண்ணுங்க. 3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் பரவலான பலகையில் 23 புள்ளி இருக்கும். குறைந்தால் ஏதோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது. பிள்ளைகள் ஆடும் படத்தில் முகம் தெரியக் கூடாது, கையும் காயும் போதும். பெரியவர்களின் குரலைப் பதிவதற்கு முன்னால், இணையத்தில் எல்லோரும் கேட்பார்கள் என்பதைப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்க.

பணம் வைத்து ஆடும் செயலிகளுக்கு இணைப்புக் கொடுப்பதை உடனே நீக்குங்க. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த ஆட்டங்களோடு அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது.

பிற்சேர்க்கை: வெட்டி ஒட்டிப் பக்கத்தை மாற்றுவது

தலைப்பை மாற்ற நினைத்துப் பழைய பக்கத்தில் உள்ளதை வெட்டிப் புதுப் பக்கத்தில் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிச் செய்தால் அதுவரை எழுதியவர்களின் பெயர் முழுதும் பழைய பக்கத்தோடு தங்கிவிடும். புதுப் பக்கத்தை நீங்களே எழுதியது போலத் தெரியும். மேலே 'நகர்த்து' என்று இருப்பதைப் பயன்படுத்தினால் வரலாறும் கூடவே போகும், பழைய பெயரில் வழிமாற்றும் தானாக வந்துவிடும்.

பிற்சேர்க்கை: ஒரே நேரத்தில் ரெண்டு பேர்

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் சேமித்துவிட்டால் தொகுத்தல் முரண்பாடு என்று திரை மாறும். பதற வேண்டாம், எழுதியது போகவில்லை. மேல் பெட்டியில் இருப்பது அவர் சேமித்தது, கீழ்ப் பெட்டியில் இருப்பது உங்களுடையது. கீழே இருந்து உங்கள் பத்தியை மட்டும் எடுத்து மேலே சரியான இடத்தில் ஒட்டிச் சேமிங்க. கீழ்ப் பெட்டி முழுவதையும் மேலே கொட்டினால் அவர் எழுதியது அழிந்துபோகும். பெரிய பக்கம் என்றால் மொத்தமாகத் திறக்காமல் உட்தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள 'தொகு' வழியாகப் போனால் இந்தத் திரையே அநேகமாக வராது.