கோமாளி மீன் குடும்பத்தைப் பார்ப்பது எப்படி

கோமாளி மீனைத் தேடாதீர்கள். கடல் சாமந்தியைத் தேடுங்கள்; பூப்போலத் தெரியும், ஆனால் கொட்டும் கடல் விலங்கு. பவளப்பாறை இடுக்கில் விரல் விரலாக ஏதாவது அசைந்தால் அதுதான் வீடு. இரண்டு மீட்டர் தள்ளி, கால்துடுப்பை ஆட்டாமல் மிதந்தபடி இருங்கள். முதலில் மீன்கள் ஒளிந்துகொள்ளும். கொஞ்சம் பொறுத்தால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

இருப்பதிலேயே பெரியது பெண். அடுத்த அளவு அதன் ஜோடி. மற்ற பொடியன்கள் வரிசையில் காத்திருப்பவை. பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும். பொடியன்களில் பெரியதற்குப் பதவி உயர்வு!

அப்புறம், சாமந்தியின் அடிப்பாறையைப் பாருங்கள். ஆரஞ்சுத் திட்டு தெரிந்தால் முட்டைகள். அதில் வெள்ளிப் புள்ளிகளாகக் கண்கள் மினுங்கினால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. பொரிப்பது இருட்டிய பிறகுதான். அப்பன்காரன் அவற்றை வாயால் சுத்தம் செய்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பான்.

ஒருமுறை கேமராவோடு நெருங்கிப் போனேன். உள்ளங்கை நீளம்கூட இல்லாத பெண் மீன், என் முகமூடிக் கண்ணாடியில் வந்து முட்டியது. இரண்டு தடவை. சரி, தப்பு என் மேல்தான் என்று பின்வாங்கினேன்.

சாமந்தியைத் தொடாதீர்கள். அது கொட்டுவதிலிருந்து மீனைக் காப்பது உடம்பின் மேலுள்ள சளிப்படலம். நமக்கு அது கிடையாது.