புது நாட்டில் மளிகை வாங்கப் பழகுவது எப்படி?

புது நாட்டுக்கு வந்ததும் கடையில் நமக்கு வரும் முதல் கஷ்டம், எது நியாய விலை என்று தெரியாததுதான். சொந்த ஊரில் ஒரு கிலோ வெங்காயம் கேட்டதுமே மலிவா, அதிகமா என்று சொல்லிவிடுவோம். அந்த விலைப்பழக்கம் இங்கே இல்லை. அதை இரண்டு மூன்று வாரத்தில் உண்டாக்கிக்கொள்ளலாம்.

முதல் தடவை கடைக்குப் போகும்போது மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். அரிசி, முட்டை, பால், எண்ணெய், காய்கறி என்று வாரா வாரம் தேவைப்படும் 15 பொருள்களை எழுதிக்கொண்டு, அருகில் உள்ள இரண்டு மூன்று கடைகளில் விலையைக் குறித்துவாருங்கள். பில்களையும் எடுத்துவையுங்கள். என் அனுபவத்தில், மூட்டையாக வாங்குவதைவிட இந்தச் சின்னப் பட்டியல்தான் அதிகப் பணம் மிச்சம் பிடித்தது.

அப்புறம், ஒவ்வொரு பொருளையும் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அப்படிப் பார்த்தால் சத்தான உணவை வாங்கவே மனம் வராது. அல்லது எல்லாமே மலிவாகத் தெரிந்து கை தாராளமாகிவிடும். சாப்பாட்டுக்கு வாரம் இவ்வளவு என்று அந்த நாட்டுப் பணத்திலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

சரி, இனி விலைச்சீட்டு. பெரிய எழுத்தில் இருப்பது பொட்டலத்தின் விலை. பல நாடுகளில் அதன் கீழே, பொடி எழுத்தில், ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்த நாட்டுப் பணத்தில் 750 கிராம் பருப்பின் விலை 3, ஒன்றரைக் கிலோவின் விலை 6.60 என்று வைத்துக்கொள்வோம். பெரிய பொட்டலம்தான் லாபம் என்று கை நீளும். ஆனால் சின்னதில் கிலோ 4, பெரியதில் 4.40. ஒரு சீட்டில் 100 கிராமுக்கும் பக்கத்துச் சீட்டில் கிலோவுக்கும் விலை இருந்தால் ஏமாந்துவிடுவோம், அதையும் கவனியுங்கள். பவுண்டு கணக்கு உள்ள இடத்தில் 1 பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிராம். சில நாடுகளில் சீட்டில் உள்ள விலையோடு வரி சேர்ந்திருக்காது, பில் போடும்போதுதான் சேரும்.

கண் மட்டத்துக்குக் கீழே உள்ள தட்டுகளையும் குனிந்து பாருங்கள். கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவான சரக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தரத்தில் சந்தேகம் வந்தால் உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஒப்பிடுங்கள். பல நாடுகளில் அதிக எடையுள்ள பொருள்தான் அதில் முதலில் வரும். மொழி தெரியாவிட்டால் ஃபோன் கேமராவில் மொழிபெயர்த்துப் படிக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பட்டியலைப் படிப்பதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

பொட்டலத்தில் போட்ட கடைசித் தேதி நெருங்கியதால் விலை குறைத்து ஒட்டிய பொருள்களை வாங்கலாம், ஆனால் அது எந்த வகைத் தேதி என்று தெரிந்து வாங்குங்கள். பல நாடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இந்த நாளுக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது. இறைச்சி, மீன் போன்றவற்றில் இருக்கும், அதைத் தாண்டினால் உடலுக்கு ஆபத்து. மற்றது, இந்த நாள்வரை சுவையும் மணமும் நன்றாக இருக்கும் என்பது; அரிசி, பிஸ்கட் போன்றவற்றில் இருக்கும். இறைச்சி மலிவாகக் கிடைத்தால் அன்றே சமையுங்கள், இல்லையென்றால் உடனே ஃப்ரீசரில் வையுங்கள்.

உறைய வைத்த காய்கறியை மட்டமாக நினைக்க வேண்டாம். பறித்த சூட்டோடு உறைய வைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். தனியாகச் சமைப்பவருக்கு அழுகி வீணாவதும் குறையும்.

ஊர் மசாலாவுக்கு, புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் கடை இருந்தால் மாதம் ஒருமுறை போங்கள். போகிற பஸ் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டியதும் கடையை விட்டு வெளியே வருமுன் பில்லைப் படியுங்கள். தள்ளுபடி விழாமல் போயிருந்தால் அங்கேயே கேட்கலாம். பாட்டிலுக்கென்று தனியாக ஒரு தொகை சேர்ந்திருந்தால், அது முன்பணமாக இருக்கலாம். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, எங்கே திருப்பிக் கொடுப்பது என்று விசாரித்து, அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.