டீசல் லாரிக்கு வெளி ஏர் இன்டேக் போட்டால் இழுவை கூடுமா?

சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கும் குடோனுக்கும் நெல் மூட்டை ஏற்றி ஓடும் லாரிகளில் பிக்கப் குறைந்தால், கம்பெனி ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு வெளியில் வாங்கும் கூம்பு ஃபில்டர் (வெளி ஏர் இன்டேக்) மாட்டச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். கம்பெனி செட்டிங்கில் ஓடும் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) வைத்த டீசல் லாரிக்கு அந்தச் செலவு வேண்டாம்.

டீசல் இன்ஜினின் இழுவை, எரிகிற டீசலின் அளவைப் பொறுத்தது. காற்று ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் போகிறது. டீசல் கூடாமல் காற்றை மட்டும் கூட்டினால் டர்போ விசில்தான் பலமாகக் கேட்கும். கேபின் பின்னால் உயரத்தில் இருக்கும் கம்பெனி இன்டேக் குழாய் குளிர்ந்த காற்றை எடுக்கும்; ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்திலும் தண்ணீர் ஏறாது. இன்ஜின் அருகே திறந்து கிடக்கும் கூம்பு சூட்டுக் காற்றையும் நெல் சுனையையும் இழுக்கும். ஃபில்டரைத் தாண்டுகிற மண் தூசி டர்போ இறக்கையை அரிக்கும், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். பிறகு இன்ஜின் ஆயில் குடிக்கும்.

இருக்கிற ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டர் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்பு காட்டினால் அடைப்பு. ஃபில்டர் பெட்டியின் அடியில் உள்ள, தூசியை வெளியேற்றும் ரப்பர் வால்வை அறுவடை நாட்களில் தினமும் அமுக்கி விடுங்கள். ஈரப் பதர் இறுகிவிட்டால் தூசி கீழே விழாது. பெட்டிக்குள் வெளி ஃபில்டர், உள் ஃபில்டர் என்று இரண்டு இருந்தால், வெளி ஃபில்டரை டயரில் தட்டக் கூடாது, மடிப்பு கிழியும். 30 பிஎஸ்ஐக்குள், உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். பிறகு இருட்டில் உள்ளே பல்பு விட்டுப் பாருங்கள்: ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் புதுசு போட வேண்டியதுதான். உள் ஃபில்டருக்குக் காற்றே அடிக்காதீர்கள், மாற்ற மட்டும் செய்யுங்கள்.

ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசி ஒட்டினால் ஃபில்டர் வாய் ரப்பர், ஹோஸ், கிளாம்ப் மூன்றையும் சோதிக்க வேண்டும். இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

லோடில் கரும்புகையும் 'உஸ்' சத்தமும் சேர்ந்து வந்தால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) போகும் ஹோஸில் கசிவு இருக்கலாம். சோப்புத் தண்ணீர் தடவி, ஆள் ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொன்னால் குமிழி காட்டிக்கொடுக்கும். இன்டர்கூலர் முகத்தில் வைக்கோல் தூசி அப்பியிருந்தால் பின்பக்கமிருந்து மெதுவாகக் காற்றடியுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் ஃபில்டரிலோ ஹோஸிலோ இருக்காது. டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, அங்கிருந்து தேடுங்கள்.