டெபியன்ல அனாதையா கிடக்கற பேக்கேஜை எடுத்து பராமரிக்கிறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

டெபியன்ங்கறது ஒரு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம், பேக்கேஜ்னா அதுல இன்ஸ்டால் பண்ற மாதிரி கட்டி வெச்ச ஒரு சாஃப்ட்வேர். எந்த பேக்கேஜை எடுத்தாலும் அதைப் பாத்துக்கற மெயின்டெய்னர்னு ஒரு ஆளோட பேரோ டீமோட பேரோ போட்டிருக்கும். பெரும்பாலும் சம்பளம் இல்லாம ராத்திரியிலயும் லீவு நாள்லயும் உக்காந்து பண்றவங்க. வேலை மாறும், குழந்தை பொறக்கும், உடம்பு முடியாம போகும், பேக்கேஜ் மட்டும் பழைய வெர்ஷன்லயே நிக்கும், பக் ரிப்போர்ட் வந்துகிட்டே இருக்கும். அந்த மாதிரி ஒண்ணை நீங்க எடுக்கணும்னா முறை என்னன்னு பாப்போம்.

1. நீங்க யூஸ் பண்றதுலேருந்து தேடுங்க

ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்னு ஒரு குட்டி பேக்கேஜ் இருக்கு, அதை இன்ஸ்டால் பண்ணிட்டா ஏபிடி (பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) ஓட்டும்போதெல்லாம் உங்க மெஷின்ல இருக்கறதுல எதுக்கு ஆள் இல்லன்னு அதுவே சொல்லும். பேர் நல்லாருக்கேன்னு தெரியாத லாங்குவேஜ்ல எழுதினதை எடுக்காதீங்க. தினமும் யூஸ் பண்றது உடைஞ்சா உங்களுக்குத்தான் முதல்ல தெரியும், அதனால அதுதான் நல்ல சாய்ஸ்.

2. பக் டைட்டில்ல முன்னாடி இருக்கற எழுத்தைப் படிங்க

ஆள் தேவைப்படற பேக்கேஜ் எல்லாத்துக்கும் டெபியனோட பக் லிஸ்ட்ல டபிள்யூஎன்பிபிங்கிற இடத்துல ஒரு பக், அதாவது ஒரு பதிவு, இருக்கும். "ஓ"ன்னு இருந்தா யாரும் இல்ல, மெயின்டெய்னர் இடத்துல டெபியன் கியூஏ குரூப், அதாவது தரம் பாக்கற டீம், வந்திருக்கும். "ஆர்எஃப்ஏ"ன்னா இப்ப இருக்கறவர் பாத்துகிட்டுதான் இருக்காரு, கைமாத்த ஆள் தேடறாரு, அவருக்கு மெயில் போடாம தொடாதீங்க. "ஆர்எஃப்ஹெச்"ன்னா உதவி மட்டும் போதும். "ஐடிஏ"ன்னா வேற யாரோ எடுத்துட்டாங்க, ரொம்ப நாளா அசைவே இல்லன்னா அந்த பக்லயே மரியாதையா கேளுங்க.

3. ஒத்துக்கறதுக்கு முன்னாடி நிலைமையைப் பாருங்க

டெபியன் டிராக்கர்ல பேக்கேஜ் பேரைப் போட்டா கடைசி அப்லோட் எப்போ, எத்தனை பக் ஓப்பனா இருக்கு, டெஸ்டிங்லேருந்து (அடுத்த ரிலீஸுக்குத் தயாராகற கிளை) தூக்கப்போறாங்களா எல்லாம் ஒரே பக்கத்துல தெரியும். முக்கியமா அப்ஸ்ட்ரீம், அதாவது ஒரிஜினல் கோட் எழுதறவங்க, இன்னும் இருக்காங்களான்னு பாருங்க. அவங்களும் போயிட்டாங்கன்னா செக்யூரிட்டி ஓட்டை வந்தா கோடுக்குள்ள இறங்கி அடைக்க வேண்டியது நீங்கதான். அதுக்கு மாற்றா வேற நல்ல பேக்கேஜ் இருக்கு, இதை நம்பி வேற எதுவும் இல்லன்னா, டெபியன்லேருந்தே நீக்கிடலாம்னு சொல்றதும் சரியான முடிவுதான்.

4. ஓனர் ஆகறதுக்கு முன்னாடி வேலை செஞ்சு காட்டுங்க

நிறைய பேர் தாண்டிப் போற ஸ்டெப் இதுதான். ஒரு பக்கை எடுத்து பேட்ச் (கோட் திருத்தம்) எழுதி அனுப்புங்க. "ஓ" பேக்கேஜ்னா எடுத்துக்காமலே, மெயின்டெய்னர் பேரை மாத்தாம திருத்தி அனுப்பற கியூஏ அப்லோட்னு ஒண்ணு பண்ணலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, உங்களுக்கு இது ஒத்துவருமான்னும் புரிஞ்சிடும்.

5. எடுத்துக்கறேன்னு அறிவிங்க

பக் கன்ட்ரோல் சர்வருக்கு ஒரு சாதா டெக்ஸ்ட் மெயில். முதல் வரியில ரீடைட்டில்ங்கிற கமாண்ட், பக் நம்பர், அப்புறம் பழைய டைட்டிலையே "ஓ"வுக்குப் பதிலா "ஐடிஏ" போட்டு எழுதணும். அடுத்த வரியில ஓனர், பக் நம்பர், ஒரு ஆச்சரியக்குறி. அந்தக் குறிக்கு "மெயில் அனுப்பறவரே ஓனர்"னு அர்த்தம். கடைசியா தேங்க்ஸ்னு ஒரு வரி போட்டா சர்வர் அதோட நிறுத்திக்கும், கீழ இருக்கற சிக்னேச்சரையெல்லாம் கமாண்டுன்னு நினைச்சுக்காது.

6. பேக்கேஜிங்கைத் திருத்தி அனுப்புங்க

கன்ட்ரோல் ஃபைல்ல மெயின்டெய்னர் இடத்துல உங்க பேர், சேஞ்ச்லாக்ல புது மெயின்டெய்னர்னு ஒரு வரி, கூடவே அந்த ஐடிஏ பக்கை குளோஸ் பண்ற குறிப்பு. சல்சால (டெபியனோட கிட் சைட்) கோட் ரெப்போ இல்லன்னா ஆரம்பிங்க. எஸ்பில்ட்ங்கிற பில்ட் டூலை வெச்சு சுத்தமான அன்ஸ்டேபிள் (புது அப்லோட் முதல்ல வர்ற கிளை) சூழல்ல பில்ட் பண்ணுங்க, லின்டியன் (பேக்கேஜ்ல தப்பு கண்டுபிடிக்கற டூல்) சொல்றதைக் கேளுங்க. உங்களுக்கு அப்லோட் உரிமை இருக்காது, அதனால ஜிபிஜி கீ (டிஜிட்டல் கையெழுத்து) போட்டு சைன் பண்ணி மென்டார்ஸ் சைட்ல ஏத்திட்டு, ஸ்பான்சர் (உங்களுக்காக அப்லோட் பண்றவர்) வேணும்னு ஒரு பக் போடணும். பதில் வர வாரக்கணக்கா ஆகலாம், பொறுமையா இருங்க.

7. மெயின்டெய்னர் பேர் இருக்கு, ஆளைக் காணோம்னா?

இங்கதான் அவசரப்படக்கூடாது. ஒரே ஒரு பக் உயிரை எடுக்குதுன்னா என்எம்யூ (மெயின்டெய்னர் அல்லாதவர் பண்ற அப்லோட்) போட்டு அதை மட்டும் சரி பண்ணலாம். முழுசா கைவிட்ட மாதிரி இருந்தா ஐடிஎஸ்னு (காப்பாத்தி எடுத்துக்கப்போறேன்ங்கிற அறிவிப்பு) ஒரு பக், பேக்கேஜ் மேலயே போடுங்க, மெயின்டெய்னருக்கும் காப்பி போகணும். 21 நாள் காத்திருக்கணும், அதுக்கப்புறமும் அப்லோட் குறைஞ்சது 7 நாள் டிலேயோடதான் போகும். நடுவுல அவர் வந்து வேண்டாம்னா அதோட நிறுத்திடணும். இவ்ளோ நாள் எதுக்குன்னு தோணும், ஆனா ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில இருக்கலாம், ஊர்ல இல்லாம இருக்கலாம், அவர் பல வருஷம் பாத்து வளர்த்ததை ஒரே வாரத்துல எடுத்துக்கறது நியாயமே இல்ல.

எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்கற சாஃப்ட்வேர்ல நடந்த விஷயத்தையும் இங்க சொல்லணும். அந்த புராஜெக்டை பல வருஷமா கிட்டத்தட்ட ஒத்தை ஆளா பாத்துகிட்டிருந்தவர்கிட்ட, 2022ல சிலர் மெயிலிங் லிஸ்ட்ல வந்து ஏன் லேட்டு, வேற ஆளைப் போடுன்னு நச்சரிச்சாங்க. ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் நல்ல பேட்ச்சா அனுப்பி நம்பிக்கை சம்பாதிச்சு கூட்டு மெயின்டெய்னர் ஆனாரு, கடைசில 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் பேக்டோர் (ரகசியமா உள்ள நுழைய வெச்ச திருட்டு வாசல்) வந்து டெபியன் டெஸ்டிங் வரைக்கும் நுழைஞ்சிடுச்சு. 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட்ங்கிற டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷின்ல நுழையற வழி) லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு தோண்டினதாலதான் எல்லாரும் யூஸ் பண்ற ஸ்டேபிள் வெர்ஷனுக்கு வராம தப்பிச்சோம். அதனால களைச்சுப்போன மெயின்டெய்னரை நெருக்காதீங்க, நீங்க கைமாத்தும்போதும் வாங்கறவரோட பழைய வேலையைப் பாருங்க, முழு உரிமையை முதல் நாளே கொடுக்காதீங்க.

8. உங்களால முடியலன்னா

பேக்கேஜ் ஓரளவு நல்லா இருக்கும்போதே ஆர்எஃப்ஏ போடுங்க, ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்குங்க. சுத்தமா நேரமே இல்லன்னா "ஓ" போட்டுட்டு, அரைகுறையா நிக்கற வேலை எதுவோ அதை பக்ல எழுதி வெச்சுட்டு, மெயின்டெய்னர் பேரை கியூஏ குரூப்புக்கு மாத்தி ஒரு அப்லோட் பண்ணிடுங்க.