லாச்சியில் கிடக்கும் செக் காசல்ல

ஏப்ரல் புத்தாண்டு லீவுக்கு முன் மார்ச் 31 கணக்கை மூடிவிட வேண்டுமென்று, கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஓடும் ஓட்டத்தை வருடா வருடம் பார்க்கிறேன். கூட்டல் பிழையை சிஸ்டமே பிடித்துவிடும், அதை விடுவோம். சிஸ்டம் பிடிக்காத பிழைகள் இவை.

டேட் போட்ட செக்கைக் காசாகக் காட்டுவது

இதுதான் இன்னும் எரிச்சல் மூட்டுகிறது. கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரம் டேட் போட்ட செக்கில்தான், அதாவது பின்னொரு திகதியில்தான் மாற்றக்கூடிய செக்கில்தான், ஓடுகிறது, அதில் குற்றமில்லை. ஒரு கம்பனியில் லாச்சியைத் திறந்தால், றப்பர் பாண்ட் போட்ட செக் கட்டு. எல்லாம் மே, ஜூன் திகதிகள். மார்ச் 31 ஐந்தொகையில் அத்தனையும் ‘கையிலுள்ள காசு’! கேட்டால், “செக் வந்திட்டுதே சேர், பிறகென்ன?” என்கிறார் காசாளர்.

அது பிழையில் பாதிதான். செக் கிடைத்ததுமே பேரேட்டில் கடைக்காரரின் கடனைக் கழித்துவிடுகிறார்கள். திகதி நெருங்க, கடைக்காரர் போன் எடுத்து, “போடாதேங்கோ, மாத்தித் தாறன்” என்பார். பழைய செக் போய்ப் புதிய செக் வரும். எட்டு மாதப் பாக்கி, யார் எவ்வளவு காலமாகத் தரவேண்டும் என்று காட்டும் கடன்பட்டோர் வயதுப் பட்டியலில் தலைகாட்டாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள இலங்கைக் கணக்கீட்டு நியமமான எஸ்எல்எப்ஆர்எஸ் 9, கடன் செத்த பிறகு அழச் சொல்லவில்லை; வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே கணித்து, இலாபத்திலிருந்து கழித்து ஏற்பாடு வைக்கச் சொல்கிறது. பட்டியலே பொய்யென்றால் எதை வைத்துக் கணிப்பது? ஏற்பாடு சுருங்கும், இலாபம் உப்பும், அதிலிருந்து பங்கிலாபமும் போகும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கிலாபம் கொடுத்த பின்னும் கடன்களை உரிய நேரத்தில் கட்டலாம் என்று பணிப்பாளர் சபை திருப்திப்பட வேண்டும். இந்தக் கம்பனியோ அடுத்த மாதமே ஓவர்டிராஃப்டைக் கூட்டித் தரச்சொல்லி வங்கியில் நின்றது.

மாற்றிய செக்குகளுக்குத் தனிப் பதிவேடு வையுங்கள்: முதல் இன்வொய்ஸ் திகதி, எத்தனை தரம் மாறியது. கணக்காய்வுக் குழுவுக்கு முதலில் போக வேண்டிய தாள் அதுதான்.

குழுக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவு தாள் அனுப்புவது

வாசிக்கமாட்டார்கள். ஒரு கிழமை கொடுங்கள்.

பணிப்பாளரின் மகனுடைய கம்பனி

அங்கே சாமான் வாங்கிவிட்டு, “சந்தை விலைக்குத்தானே வாங்கினோம்” என்று வெளிப்படுத்தாமல் விடுவார்கள். விலை நியாயமாக இருந்தாலும் தொடர்புடைய தரப்பினர் பற்றிய நியமமான எல்கேஏஎஸ் 24இன்படி உறவையும் கொடுக்கல் வாங்கலையும் காட்டியே ஆகவேண்டும்.

மூலதனம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது

தேறிய சொத்து (சொத்தில் கடன்களைக் கழித்த மிச்சம்), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்கு வெளியிட்டுத் திரட்டிய தொகையின்) பாதிக்கும் கீழே போனால், அதே கம்பனிகள் சட்டத்தின் 220ஆம் பிரிவின்படி 20 வேலை நாட்களுக்குள் விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விட வேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது ஒரு பணிப்பாளருக்கு அது தெரியவந்த அன்றிலிருந்து. கணக்காய்வு அறிக்கை வரட்டும் என்று காத்திருக்க இடமில்லை.