அஸ்ஹர் 'அழகர்' ஆன கதை: பெயர் விஷயத்தில் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

பள்ளி திறந்து இரண்டாம் நாள், எட்டாம் வகுப்பு. வட சென்னையில் நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் வருகைப் பதிவேடு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவள், ஒரு பெயரின் நடுவில் 'இசட் ஹெச்' இருப்பதைப் பார்த்தேன். தமிழ் டீச்சர் இல்லையா, நாக்கு தானாக மடிந்துவிட்டது. "அழர்" என்று கணீரென்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு பையன் தயங்கி எழுந்து, "மிஸ், அஸ்ஹர் மிஸ்" என்றான். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் "அழகர் மிஸ்!" என்று எடுத்துக்கொடுக்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தப்பாக வாசித்தது தெரியாமல் நடந்தது. சிரித்ததற்கு என்ன சாக்குச் சொல்வது? டீச்சரே சிரித்தாயிற்று என்றதும் அந்தப் பெயருக்கு முத்திரை விழுந்துவிட்டது. பத்தாவது முடித்துப் போகும்வரை அவன் அழகர்தான். சித்திரை வந்தால் "ஆத்துல எப்போடா இறங்கப் போற?" என்ற கேலி வேறு.

பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அக்கறை இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். 'இதுகூட எனக்குத் தெரியாதா' என்ற தைரியத்தில் வரும் தவறுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், என்னிடமும் சேர்த்து. நமக்கு 'இசட் ஹெச்' என்றால் ழ. கயல்விழி, யாழினி, பூங்குழலி எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அஸ்ஹர், மஸ்ஹர் போன்ற பெயர்களில் அந்த இரண்டு எழுத்தும் தனித்தனியாக ஒலிக்கும். தகரமும் இப்படித்தான். கீதா, சவிதா என்றால் நாம் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'ஹெச்' போடுவோம். வடநாட்டவர் வெறும் 'டி'யோடு நிறுத்திக்கொள்வார்கள். சௌகார்பேட்டையிலிருந்து வரும் சுனிதாவை 'சுனிடா' ஆக்குவது இதனால்தான்.

வாயில் வரும் தவறையாவது மறுநாள் திருத்திக்கொள்ளலாம். எழுத்தில் விழுந்தால் வம்பு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பெற்றோருடன் வந்து இங்கே சேரும் ரோஹித்தின் ஆதாரில் பெயர் 'டி'யோடு முடிந்திருக்கும். நம் கை சும்மா இருக்காது, 'ரோஹித்னா கடைசியில ஹெச் வரணுமே' என்று சேர்த்துவிடும். எண்கணிதம் பார்த்து வைத்த பெயர்களுக்கும் இதே கதி. பிரியாவுக்குக் கடைசியில் இரண்டு 'ஏ', கார்த்திக்குக்கு இரண்டு 'கே' என்று வைத்திருப்பார்கள். எனக்கு எண்கணிதத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. அதற்காகப் பிறப்புச் சான்றிதழில் உள்ளதைச் சிவப்பு மையால் திருத்த அது கட்டுரை நோட்டா என்ன? சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதுவதுதான் நம் வேலை. ஆங்கில எழுத்துக்கூட்டை உச்சரிப்புக்கு ஏற்பச் சரிசெய்ய அரசே ஒருமுறை இறங்கியது. 1018 ஊர்ப்பெயர்களுக்குப் புது எழுத்துக்கூட்டு 2020 ஜூனில் வெளியானது. எழும்பூரும் திருவல்லிக்கேணியும் அதில் உண்டு. பெரிய விவாதமாகி, அந்த மாதமே திரும்பப் பெற்றார்கள்.

இனிஷியல் விஷயம் இன்னும் சிக்கல். தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆங்கிலப் பட்டியலை வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தபடியே அதைத் தமிழாக்க முடியாது. 'எஸ்' என்றால் சரவணனின் 'ச'வா, சுந்தரத்தின் 'சு'வா, செல்வத்தின் 'செ'யா? 'எம்' என்றால் முருகனா, மாரியப்பனா, மணியா? பிள்ளையிடம் அப்பா பெயரைக் கேட்காமல் எழுதினால் பாதி தப்பாகத்தான் போகும். 'எஸ்'ஸை அப்படியே 'எஸ்.' என்று எழுதிவைக்கும் சோம்பேறித்தனமும் உண்டு, நானும் செய்திருக்கிறேன்.

சில பிள்ளைகள் அம்மாவின் முன்னெழுத்தைப் போட்டிருப்பார்கள். "ஏம்மா, அப்பா பேரு இல்லையா?" என்று வகுப்பு நடுவில் கேட்டுவிடாதீர்கள். விவரம் வேண்டுமென்றால் அம்மா வரும்போது தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இணையப் படிவங்கள் கேட்கும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நம் ஊரில் அப்பா பெயர் போய் உட்கார்ந்துவிடும். போட்டித் தேர்வு, ஒலிம்பியாட் பட்டியல்களில் "முருகன் யார்?" என்று கூப்பிட்டால் ஒரு பெண் பிள்ளை எழுந்து நிற்கும். அது அவள் அப்பா. தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முதலில் வரும். அதை மாணவன் பெயர் என்று நினைத்து வருஷம் முழுக்கக் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரியது பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு முன் நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல், தயாராகும். மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அங்கே போகும், அதிலிருந்துதான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். பாஸ்போர்ட்டிலிருந்து வேலைவரை அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். அச்சானபின் திருத்த வேண்டுமென்றால் பள்ளி வழியாக நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம், ஆதாரங்கள் என்று அலைய வேண்டும். அந்த அலைச்சல் பெரும்பாலும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் அம்மாவுக்குத்தான். ஒரு 'ஹெச்' சேர்த்த நமக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஆகவே நாமினல் ரோல் நகலில் பெற்றோரிடம் வெறும் கையெழுத்து வாங்கி நிறுத்திக்கொள்ளாதீர்கள். "எங்க போடணும் மிஸ்?" என்று கேட்டு, படிக்காமலே போட்டுவிடுவார்கள். பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். தன் பெயரில் ஓர் எழுத்து குறைந்தால் அதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.

ழகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கயல்விழியைக் 'கயல்விளி' என்று கூப்பிடும் ஆசிரியர்கள் சென்னையில் நிறையப் பேர். விழி என்றால் கண், விளி என்றால் கூப்பிடுவது. அந்தப் பிள்ளைகள் பழகிப்போய்ப் பேசாமல் இருக்கும், அதற்காகச் சரி என்று ஆகிவிடாது. நாக்கு வரவில்லை என்றால் வீட்டில் இரண்டு நாள் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

பெயர் நீளம் என்று வெட்டுவதும் வேண்டாம். "திருநாவுக்கரசா? திருன்னு கூப்பிடறேன்" என்று நாமாக முடிவு செய்ய நமக்கு உரிமை இல்லை. அவனே "திருன்னு கூப்பிடுங்க மிஸ்" என்றால் வேறு விஷயம்.

இப்போது நான் செய்வது இதுதான். முதல் நாள் பட்டியலை வாசிப்பதே இல்லை. எண்ணை மட்டும் சொல்லுவேன், பெயரை அவர்கள் சொல்ல வேண்டும். கேட்கும்போதே பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் தமிழில் குறித்துக்கொள்வேன். "வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று ஒரு வருஷம் கேட்டுப் பார்த்தேன். அம்மு, பாப்பா, குட்டி, இன்னொரு அம்மு என்று வந்தது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டால் ஒருமுறை "சாரிப்பா" என்று சொல்லி, சரியாகச் சொல்லிவிட்டு, பாடத்துக்குப் போய்விடுவேன். நீளமாக மன்னிப்புக் கேட்டால் வகுப்பே அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும். யாராவது சிரித்தால் நான் சிரிப்பதில்லை.

கோட்டை விடும் இடம் ஆண்டு விழா. மைக் பிடிப்பவர் வேறு ஓர் ஆசிரியர், கையில் இருப்பது ஆங்கிலத்தில் அடித்த தாள். கீழே பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அம்மா, போனை நீட்டிக்கொண்டு அப்பா. என் வகுப்புப் பிள்ளைகள் பரிசு வாங்குவதாக இருந்தால் அந்தத் தாளை முந்தின நாளே வாங்கி, பென்சில் குறிப்புகளை அதிலும் ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன். மேடைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது மைக்காரரையே கூட்டிப்போய் ஒவ்வொருவரிடமும் கேட்கவைப்பதும் உண்டு. இருபது பேருக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.